பழுப்புக் கவர்களை எரித்துவிடாதீர்கள்

போன மாதம் ஒரு குடும்பம் மூன்று டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. அப்பா நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர். உப்பளம், வேலைநிறுத்தம், தேர், வெள்ளம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் இறந்தபின் பிள்ளைகள் நெகட்டிவ்களை எல்லாம் துடைத்து, புது பிளாஸ்டிக் ஆல்பத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவ்வளவு அக்கறை. "இவையெல்லாம் இருந்த பழைய கவர்கள் எங்கே?" என்று கேட்டேன். கரையான் அரித்துக் கிடந்ததால் கொல்லையில் போட்டு எரித்துவிட்டார்களாம். தேதி, ஊர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் அவர் அந்தக் கவர்களின் மேல்தான் எழுதி வைத்திருந்தார்.

பழைய படங்களைப் பாதுகாப்பதுதான் என் வேலை. இப்படி நடப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஆனாலும் வயிறு பிசைவது நிற்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு டொரோத்தியா லாங் ஞாபகம்தான் வரும். 1930களில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்த காலத்தில் பிழைப்புத் தேடி அலைந்த விவசாயக் கூலிகளைப் படமெடுத்தவர். 1965ல் அவர் இறந்தபின், கணவர் பால் டெய்லர் அவருடைய சேகரிப்பை ஓக்லண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பல்லாயிரம் நெகட்டிவ்கள், ஆயிரக்கணக்கான பிரிண்ட்கள், அவற்றோடு அவர் களத்தில் எழுதிய குறிப்புகளும் சேர்ந்தே போயின. பார்த்தவர்களிடம் பேசிவிட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. எங்கிருந்து வந்தார்கள், என்ன கூலி, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அந்தக் குறிப்புகளால்தான்.

அவரே எழுதாமல் விட்ட இடத்தில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த இடத்தில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தார். உலகத்தில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் அந்தப் படத்தை. ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32 என்று குறித்தவர், பெயரைக் கேட்கவில்லை. 42 வருஷம் அந்தப் பெண் பெயரில்லாமலேயே இருந்தார். 1978ல்தான் அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான செரோக்கி இனத்தவர் என்பதும் அதற்குப் பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லாங் பிற்காலத்தில் எழுதியதையும் தாம்சனின் குடும்பம் மறுத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு வரி எழுதியிருந்தால்... சரி, அன்று லாங் ஒரு மாத வேலையை முடித்துவிட்டு, மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லாங்கின் வேலை எல்லாமே ஓக்லண்டில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பெருமந்த காலத்தில் அரசுச் சம்பளத்தில் எடுத்தவை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1942ல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்தபோது அவர் எடுத்தவற்றைப் போர் முடியும்வரை அரசு வெளியே விடவில்லை. அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே ஆளின் உழைப்பு மூன்று இடத்தில் கிடந்தும் ஒன்றோடொன்று பொருந்துகிறது, காரணம் தேதியும் இடமும் எழுதப்பட்டிருக்கின்றன.

நம் பக்கத்திலும் பெயர் தொலைந்த கதை உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா எடுத்த ஆரம்பகாலப் படங்கள் அவர் கணவர் பெயரில்தான் அச்சாயின. 2012ல் மறைவதற்கு முன்பே தன் சேகரிப்பை டெல்லியில் உள்ள அல்காசி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார், நல்லவேளை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். முதலில் எதையும் பிரிக்காதீர்கள். கவர், டைரி, ரசீது, ஸ்டூடியோ பில் புத்தகம் எல்லாம் எந்த வரிசையில் கிடக்கின்றனவோ அப்படியே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர் மக்கிப்போயிருந்தால், எழுத்து தெரியும்படி அதையும் படமெடுத்துவிட்டு, அதில் உள்ளதை அப்படியே புதுக் காகித உறையில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால் நெகட்டிவைத் துடைத்தால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் உரிந்து வந்துவிடும். வினிகர் வாடை அடிக்கிறதா? ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, அதை மட்டும் தனியே வைத்துவிட்டுச் சீக்கிரம் ஸ்கேன் செய்ய வேண்டும். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியை எடுக்கிறேன் என்று எடைக்குக் கேட்பவரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெயரில்லாத ஸ்கேனை வைத்துக்கொண்டு நானும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். அவருடைய மனைவிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. பிரிண்ட் போட்டு ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைக்கிறோம், பேத்தி போனில் பதிவு செய்கிறாள். முதல் நாள் உப்பளத்துப் படம் ஒன்றைப் பார்த்ததும், தலையில் கூடையோடு நிற்கும் பெண்ணைக் காட்டி, "இவ நம்ம வீட்டுக்குக் கருவாடு கொண்டு வருவாளே" என்று பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டோம். இதுவரை முப்பத்தொரு படம் ஆகியிருக்கிறது, இந்த ஞாயிறு மறுபடியும் போகிறேன்.