கிளாட் தேர்வு: பாடப் புத்தகத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய தாலுகா அலுவலக வேலை

பிளஸ் டூ முடிவு வெளியான மறுவாரம், கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மஞ்சள் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்து, "வக்கீலுக்குப் படிக்கணும்னு சொல்லுது சார், திருச்சியில பெரிய காலேஜ் இருக்காமே, அதுக்கு எங்க பணம் கட்டணும்?" என்று கேட்டார். நல்ல மதிப்பெண்கள். ஆனால் அந்தக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்று நான் சொன்னபோது, அந்தப் பெண் பட்டியலை எடுத்து நான்காக மடித்தாள். பள்ளியில் யாரும் அவளுக்கு அந்தத் தேதியைச் சொல்லியிருக்கவில்லை. ஆண்டுதோறும் இதே காட்சியைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு. 2008இல் தொடங்கிய இத்தேர்வை, 2017இல் அமைந்த பல்கலைக்கழகக் கூட்டமைப்பு இப்போது நடத்துகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதன்வழியாகவே மாணவரைச் சேர்க்கின்றன. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகம் மட்டும் தனியாக வேறு தேர்வு வைக்கிறது. பிளஸ் டூவில் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 40 விழுக்காடு இருந்தால் போதும். வயது வரம்பு இல்லை. அதிகாரபூர்வ விவரம் இதற்குமேல் தேவையில்லை, ஏனெனில் நம் பிள்ளைகள் இடறி விழுவது வேறு இடங்களில்.

முதல் இடறல் நாட்காட்டி. 2025ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வு 2024 டிசம்பர் 1 அன்றும், 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கானது 2025 டிசம்பர் 7 அன்றும் நடந்தன. விண்ணப்பம் ஜூலை அல்லது ஆகஸ்டில் திறந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடப்படுகிறது. அதாவது பிளஸ் டூ காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்து, அரையாண்டுத் தேர்வை ஒட்டி இதை எழுத வேண்டும். பொதுத் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த ஆசிரியராவது சொன்னால், தயவுசெய்து அதைக் கேட்க வேண்டாம். தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டு எழுதலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பிள்ளையை ஓராண்டு சும்மா வைத்திருப்பது எவ்வளவு பெரிய சுமை என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கும் 3,500 ரூபாய். ஏழைக்குத் தரப்படும் சலுகை வெறும் ஐந்நூறு ரூபாய் என்பதை நினைத்தாலே வேதனையாக இருக்கிறது. பணம் கட்டும் முன் பெயரைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்து ஆதாரில் பின்னாலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னாலும், சாதிச் சான்றிதழில் அப்பா பெயராக விரிந்தும் கிடக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதிவிட்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்தும் வேலையைக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது சான்றிதழ்கள். பெரும்பாலான இழப்பு இங்கேதான் நேர்கிறது. திருச்சிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவருக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் தமிழ்நாடு என்று குறித்து, அதற்குரிய சான்று வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். தேவைப்படுவது 'நேட்டிவிட்டி' எனப்படும் இருப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் அவசரத்தில் குடியிருப்புச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதையே வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு தந்தை மூன்று நாள் கூலியை விட்டு அலைந்து வாங்கி வந்த தாளைப் பார்த்து, இது வேறு சான்று என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அவர் திரும்பவும் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்கினார். ஆகவே மையத்தில் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தும் முன், திரையில் சான்றின் பெயரை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

இதைவிடச் சிக்கலானது ஓ.பி.சி. எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று. நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மாநில அரசின் பட்டியலுக்கு உரியது. மத்தியப் பட்டியலின்படி ஒதுக்கீடு தரும் இடங்களில் அது செல்லாது. 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்பதைக் காட்டும் தனி ஓ.பி.சி. சான்று வேண்டும். சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். இதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது மத்திய அரசின் விதி. ஆனாலும், இரண்டையும் கூட்டிப் போட்டு "வரம்பு தாண்டுகிறது" என்று மனுவைத் திருப்பும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பப்படும் மறுப்பை யாரிடமும் முறையிட முடியாது. வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அசைவில்லையெனில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டின் நகலோடு மனுக் கொடுங்கள். பழைய ஓ.பி.சி. சான்றைக் கலந்தாய்வில் திருப்பிவிடுவார்கள் என்பதால், நடப்பு நிதியாண்டின் சான்றாக வைத்திருப்பது நல்லது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டங்களால் அமைந்தவை என்பதால், ஒதுக்கீடு ஓரிடத்தைப் போல் இன்னோரிடத்தில் இருக்காது. ஓ.பி.சி. என்று குறித்துவிட்டால் எல்லா இடத்திலும் பலன் உண்டு என்று எண்ணி, எந்தெந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்கும் விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டாம்.

தேர்வில் தேறியவர்களையும் தடுத்து நிறுத்துவது கலந்தாய்வுப் பணம். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவே அண்மை ஆண்டுகளில் பொதுப்பிரிவினர் 30,000 ரூபாயும் ஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. பின்னர் கல்விக் கட்டணத்தில் கழியும் என்றாலும், சில நாட்களுக்குள் இணையத்தில் கட்டியாக வேண்டும். நகைக்கடன் வாங்க வங்கி வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அவகாசம் முடிந்துபோன ஒரு பையனை எனக்குத் தெரியும். மதிப்பெண்ணில் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. பட்டியல் சாதி மாணவருக்குப் பெற்றோர் வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' உதவித்தொகைப் பட்டியலில் பல சட்டப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆனால் அந்த உதவி சேர்ந்த பிறகுதான் வரும். முதல் 20,000 ரூபாய்க்குத் தேர்வு எழுதிய மறுநாளே வழி பார்த்துவைக்க வேண்டும்.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பு, முழுவதும் ஆங்கிலத்தில். சட்டம் முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்திகளைப் படித்து விடை காணும் வேகம்தான் சோதிக்கப்படுகிறது. தமிழ்வழி மாணவருக்கு இது நியாயமான ஏற்பாடு அல்ல என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் தமிழில் ஒரு வரியாக எழுதிவரும் பிள்ளைகள் ஆறேழு மாதத்தில் பிடித்துவிடுகிறார்கள். மாதிரித் தாள்களும் முந்தைய ஆண்டுத் தாள்களும் கூட்டமைப்பின் தளத்திலேயே கிடைக்கும்போது, லட்ச ரூபாய்ப் பயிற்சி மையத்துக்காக வீட்டை அடகு வைக்க வேண்டாம். ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா என்னும் அமைப்பு வசதியற்ற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறது. அதற்கும் பயிற்சி என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். இங்கே 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. ஓராண்டு அங்கே படித்திருந்தாலும் உரிமை போய்விடும் என்பது பலருக்கு விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தெரிகிறது. இரண்டு மூன்று பள்ளிகள் மாறியவர்கள் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படித்த சான்று வாங்க வேண்டியிருக்கும். மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் மாறுதலில் போயிருப்பார். எனவே ஏப்ரலிலேயே, பொதுத் தேர்வு முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மீனவர் வீட்டுப் பெண்ணிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். ஆறாம் வகுப்பை மட்டும் அவள் பாட்டி வீட்டிலிருந்து வேறு மாவட்டத்தில், ஓர் அரசுப் பள்ளியில் படித்திருந்தாள். மறுநாள் காலை முதல் பேருந்தில் அம்மாவும் மகளும் அந்த ஊருக்குப் போனார்கள்.