சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மூளையில் நடப்பது

கோத்தகிரிப் பக்கம் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில், "குளிருக்குத்தான்." ஆனால் மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளிருந்த சூடு தோலுக்கு வந்து காற்றோடு போகிறது. முகம் கதகதவென்று இருக்கும்போதே உள்வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்.

சரி, குளிருக்கு இல்லையென்றால் விட வேண்டியதுதானே?

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்கு ஓர் அடையாளம் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் சாறு நாக்கில் பட்டதும், டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் துடித்தன. பழகிய பின் அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் துடிப்பு சட்டென்று இறங்கியது.

தேயிலைத் தோட்டத்து ஆளுக்கு அந்த அடையாளம் எது? இலையை எடை போட்டு முடிக்கிற ஐந்தரை மணி. கடைக்குத் திரும்பும் வளைவு. கூட்டாளியின் பைக் சத்தம். கை புட்டியைத் தொடுவதற்கு முன்பே மூளை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்று அவரைக் குத்திக் காட்டுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சிகிச்சை உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். மது மூளையை அமுக்குகிறது. நாள்தோறும் குடித்தால் மூளை அதற்கு எதிராக முடுக்கிக்கொண்டே போகிறது. திடீரென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தளும்புவது அதனால்தான். சிலருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். பல வருடம் குடித்தவர் வீட்டில் தனியாக நிறுத்தவே கூடாது. மருத்துவர் மாத்திரையோடு தயாமின் என்ற பி1 வைட்டமினையும் கொடுப்பார்.

அப்புறம்தான் பேச்சு. ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து அந்த ஐந்தரை மணியைப் பிரித்துப் பார்ப்பார்: எந்த வழியாக வீட்டுக்குப் போவது, சம்பள நாளில் பணம் யார் கையில் இருப்பது. மனைவியையும் கூப்பிட்டுப் பேசுவார். வருடக்கணக்கில் தூங்காத மனைவிக்கும் ஆறுதல் வேண்டும். குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைக் கடலலை என்றார். மலைக்காரருக்குப் பனிமூட்டம் என்றால் சட்டென்று புரியும்.

இடையில் ஒருநாள் சறுக்கினால், "ஒரு கட்டிங் போட்டாச்சு, இனி என்ன இருக்கு" என்ற எண்ணம்தான் பழைய குழிக்கு இழுக்கும். நல்ல ஆலோசகர் மறுநாள் திட்டமாட்டார். "எத்தனை மணிக்குண்ணே? எந்த வழியா வந்தீங்க?" என்றுதான் கேட்பார்.