காலி டேங்க், காலி டிரம் என்று எங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு

தை பிறந்தால் டெல்டாவில் வெல்டிங் தொழில்காரர்களான எங்களுக்குத் தூக்கம் கிடையாது. சம்பா அறுவடை நேரத்தில்தான் பெல்ட் வண்டியில் (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஏதாவது உடையும், டிப்பரில் கீல் விட்டுப்போகும். வயலுக்கு நடுவே நிற்கிற வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவர முடியாதே. அதனால் குட்டியானையில் டீசல் வெல்டிங் செட்டை ஏற்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் நாங்களே போய்விடுகிறோம். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வராது. வேலை முடிந்து கேபிளைச் சுற்றும்போது ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதற்குத்தான் வரும். "அப்படியே டீசல் டேங்க்ல ஒரு கசிவு இருக்கு தம்பி, ரெண்டு ராடு வச்சு விட்டுடுங்க. டேங்க் காலியாத்தான் கிடக்கு."

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் போன வாரம் இப்படிச் சொன்னதை நம்பி வெல்டிங் ராடு வைத்தான். டேங்க்கின் பக்கத்தகடு தையலோடு பிய்ந்து முகத்தில் அடித்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பார்க்கப் போன இடத்தில் வண்டிக்காரர் என்னிடமே கேட்கிறார்: "காலி டேங்க் எப்படிங்க வெடிக்கும்?"

காலியாக இருந்ததால்தான் வெடித்தது. டீசலோ பெட்ரோலோ, எரிவது அதன் ஆவிதான். அந்த ஆவி காற்றோடு சரியான அளவில் கலக்க வேண்டும். பெட்ரோல் ஆவி என்றால் காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றும். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. வடித்துவிட்டால் காற்று புகுந்துவிடுகிறது, சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகிவிடுகிறது, கலவை தயார். 200 லிட்டர் டிரம் ஒன்றை வெடிகுண்டாக்க இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி பெட்ரோல் போதும். அவ்வளவு மிச்சம் இல்லாமல் எந்த டிரம்மையும் கவிழ்த்து வடித்துவிட முடியாது. ஆவி காற்றைவிடக் கனம் என்பதால், மூடியைத் திறந்து வைத்தால் தானாக வெளியேறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அடியிலேயே படுத்துக் கிடக்கும்.

"அது பெட்ரோலுக்குங்க, டீசல்ல தீக்குச்சியப் போட்டாலும் அணைஞ்சிடும்" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திறந்த கிண்ணத்தில் ஆறிக் கிடக்கிற டீசலில் குச்சி அணையும்தான். ஆனால் கொஞ்சம் சூடேறினாலே டீசலும் பற்றுகிற ஆவியை விட ஆரம்பித்துவிடும். ராடு தொடுகிற இடத்தில் இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். தகட்டுக்கு உள்பக்கம் படலமாக ஒட்டியிருக்கிற டீசலை நீங்களே சூடாக்கி ஆவியாக்கி, நீங்களே நெருப்பும் வைக்கிறீர்கள். தின்னர், வார்னிஷ், இன்ஜின் ஆயில், தார் டிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அடுத்தது, "சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், வாடையே இல்ல." ஒரு டிரம்மின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மேல்தட்டும் உடம்பும் சேரும் இடத்தில் தகடு சுருட்டி மடித்திருக்கும். அந்த மடிப்புக்குள் போன எண்ணெய் சோப்புக்கு வராது, சூட்டுக்கு வரும். வண்டி டேங்க்கில் எண்ணெய் அலையடிக்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு, அதன் மூலைகளில் சேறாகப் படிந்திருக்கும். துருவும் எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். மூக்கை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கிற காற்றை விரட்ட சைலன்சர் புகையை டேங்க்குக்குள் விட்டுவிட்டு ராடு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். புகை எல்லா மூலைக்கும் போனதா என்று யாருக்குத் தெரியும்?

பெட்ரோலியப் பொருள் ஏற்றிய டேங்கர் லாரியில் வெல்டிங் போன்ற நெருப்பு வேலை செய்ய, உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்துத் தந்த சான்று வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37வது பிரிவும், எரிபொருள் இருந்த கலனில் அந்த எரிபொருளையும் ஆவியையும் நீக்காமல் வெல்டிங் செய்யக் கூடாது என்றே சொல்லியிருந்தது. வயக்காட்டில் இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்பதற்காக ஆவி சும்மா இருந்துவிடாது.

முறையாகச் செய்ய வழி இருக்கிறது, நேரம்தான் ஆகும். டேங்க்கை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். வடித்து, சோப்பு கலந்த கொதிநீரிலும் நீராவியிலும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஓட்டை மேலே வரும்படி கிடத்தி, ஓட்டைக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, டேங்க் மூடியையும் காற்றுக்குழாயையும் திறந்துவிட்டு, கேஸ் மீட்டரால் (பற்றக்கூடிய ஆவி இருக்கிறதா என்று காட்டும் கருவி) பார்த்த பிறகே ராடு. மீட்டர் இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் வைக்கோல் கிடந்தால் அந்த இடத்திலும் இந்த வேலை வேண்டாம்.

(வண்டியில் வேறு எந்த வெல்டிங் வேலை நடந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப் (கரண்ட் திரும்பிப் போகிற கேபிளின் கவ்வி) வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளைக் கடித்துவிடும்.)

அறுவடை நிற்கக் கூடாது என்றால் கசிவுக்குக் கீழே அளவு இறங்கும் வரை டீசலை வடியுங்கள். துடைத்து, உப்புத்தாளைக் கையால் தேய்த்து, எம்-சீல் பசை வையுங்கள். கிரைண்டர் வேண்டாம், அதன் பொறியும் நெருப்புதான். துணி துவைக்கிற பார் சோப்பை அழுத்தித் தேய்த்தாலே சின்னக் கசிவு சில மணி நேரம் நிற்கும்.

டிரம்மை வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்கிறவர்களே, சிமென்ட் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டிரம்மில் என்ன மருந்து இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, குடிக்கிற மாட்டுக்கும் தெரியாது.

தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிற தம்பிகளே, "போன தடவை வேற ஆளு வச்சுக் கொடுத்தானே" என்று சொல்லி உசுப்புவார்கள். முந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டுக் கேபிளைச் சுற்றுங்கள், தயவுசெய்து.

டேங்க் ஓட்டை என்று எனக்குப் போன் செய்தால், அதில் கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதை மறைக்காமல் சொல்லுங்கள். டேங்க்கைக் கழற்றி, வடித்து, மூடியைத் திறந்து, அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில் வைத்திருங்கள். வந்து பட்டறைக்கு எடுத்துப்போகிறேன், இரண்டு நாள் ஆகும்.