புள்ள படிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

சென்னை காசிமேடு பக்கம் பதினோரு வருஷமா சாயங்கால டியூஷன் எடுக்கிறேன், ஒண்ணாவது ரெண்டாவது புள்ளைங்களுக்கு மட்டும். சேக்க வர்ற அம்மாங்க பாதி பேர் சொல்றது, "வீட்ல நல்லாதான் மிஸ் படிக்கிறான், ஸ்கூல்லதான் எழுத மாட்றான்". சரின்னு புக்கை குடுத்தா கடகடன்னு ஒரு பக்கம் சொல்லிடுவான். நான் படத்தை கையால மூடிட்டு, நடுவுல ஏதாவது ஒரு வார்த்தை மேல விரல வச்சு இது இன்னாடான்னு கேப்பேன். உடனே மொத வரிலேந்து வாய்க்குள்ளயே ஓட்டிப் பாத்து அந்த எடத்துக்கு வரப் பாப்பான். பாட்டு மாதிரி காதுல வாங்கி வச்சிருக்கான், கண்ணு எழுத்து மேலயே இல்ல.

ஒண்ணாவதுல பாடம் சின்னது, இது ஓடிடும். மூணாவது போனா பாடம் நீளமா வரும், அப்பதான் மாட்டுவான், வீட்ல என்னமோ சோம்பேறித்தனம்னு நெனச்சு அடிப்பாங்க.

247 எழுத்துன்னு சொன்னாலே நெறைய பேருக்கு பயம். ஆனா உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அப்புறம் கொம்பு கால் சுழி எல்லாம் புடிபட்டா 216 உயிர்மெய்யும் அதுலேந்தே வந்துடும். நான் க ங ச ஞன்னு வரிசையா போறதில்ல, ட ப ம மூணையும் குடுத்து படம், மடம், பட்டம்னு அன்னிக்கே படிக்க வச்சிடுவேன், படிச்சிட்டோம்னு புள்ளைக்கே தெரியணும் இல்ல. கஷ்டம் கொம்புலதான். ஒரு பொண்ணு 'கொடி'ய கெடின்னு படிச்சிட்டு, அந்தக் காலை என்ன பண்றதுன்னு தெரியாம அப்டியே நின்னுட்டா. அப்புறம் அவளே கேட்டா, "கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் மட்டும் ஏன் மிஸ் பின்னாடி வருது?" எவ்ளோ சரியான கேள்வி! அட்டையில கொம்பு, க, கால் மூணையும் தனித்தனியா வெட்டிக் குடுத்து சேத்து சேத்து வச்சோம், நாலு நாள்ல புடிச்சிட்டா.

வீட்ல பேசற பேச்சைத் தப்புன்னு சொல்லாதீங்க. 'வாழைப்பழம்'னு இருக்கறத புள்ள வாயப்பயம்னு படிச்சா அவன் எழுத்தைப் பாத்துதான் படிக்கிறான், வாய்க்கு வந்தது நம்ம ஊரு சத்தம். ழ மெதுவா வரும். ஆயா சொல்லித் தந்தா இன்னொண்ணு பாத்துக்கோங்க, 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி படிச்சவங்க 'லை'ய யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதுவாங்க, புள்ள கொழம்பும். எழுத்து நாங்க பாத்துக்கறோம், ஆயா கதை சொல்லட்டும், அந்தக் கதையில கேட்ட வார்த்தைதான் பின்னாடி புக்குல வரும்போது சட்டுனு புரியும்.

2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல, கவர்மென்ட் ஸ்கூல்ல புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பாத்துப் பிரிச்சாங்க. எம்புள்ள எந்த நிலையில இருக்கான்னு டீச்சர் கிட்ட தைரியமா கேளுங்க, அரும்புன்னு சொன்னா அவமானமே இல்ல. ரெண்டாவது முடிச்சும் எழுத்து கூட்ட வரலன்னா கண்ணு, காது ரெண்டையும் ஒரு தடவை டாக்டர் கிட்ட காட்டிடுங்க, அடிக்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இத பண்ணுங்க.

மீன் விக்கிற ஒரு அக்கா, "எனக்கு கைநாட்டுதான் மிஸ், நான் இன்னா சொல்லித்தர முடியும்"னு அழுதாங்க. நீங்க சொல்லித்தரவே வேணாங்கா, நைட்டு பாத்திரம் கழுவி முடிச்சிட்டு பத்து நிமிஷம் பக்கத்துல குந்திக் கேளுங்க, அவன் விரல் எழுத்து மேல நகருதான்னு பாருங்க, நிறுத்தினா "அப்பால இன்னா ஆச்சு"ன்னு மட்டும் கேளுங்கன்னு சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பையன் அவங்கப்பாகூட ஹார்பர் போயிட்டு வந்தான். வந்ததும் வராததுமா சிலேட்டை எடுத்து அங்க பாத்த நாலு படகோட பேரை எழுதினான், ஒரு பேர்ல வர்ற 'துணை'யில மட்டும் கொம்பை விட்டுட்டான்.