மயிலாப்பூரில் புதிய கடை, தாம்பரத்தில் பழைய கடை

மயிலாப்பூரில் பித்தளை விளக்கு வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இணையக் கடை நடத்த இடம் தரும் ஷாப்பிஃபையில் புதிய தளம் அமைத்து, எங்கள் டொமைனை அதற்கு மாற்றிவிட்டோம். என் வீட்டில் புதிய தளம் வருகிறது. தாம்பரத்தில் தம்பி வீட்டில் இன்னும் பழையதுதான். எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் ஆகும் என்கிறார்கள். அப்படி என்னதான் பரவுகிறது?"

எதுவும் பரவுவதில்லை. பழைய ஞாபகம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நேரத்தில் காலாவதியாகிறது, அவ்வளவுதான். இது புரிந்தால் 48 மணி நேரத்தை 5 நிமிடமாகச் சுருக்கலாம்.

தளத்தின் உள்வேலையில் பெரிய சிக்கல் இல்லை. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்' (theme) என்பதைத் திருத்தும் முன் அதற்கு ஒரு டூப்ளிகேட் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் படங்களைச் சதுரமாக, 2048-க்கு 2048 பிக்சலில் ஏற்றுங்கள். பணம் செலுத்தும் வழியை ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள். மிச்சமிருப்பது டொமைன்.

டொமைன் என்பது பெயர் மட்டுமே. இணையத்தில் தகவல் போய்ச் சேர ஐபி முகவரி என்ற எண் வேண்டும். தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. அதை எல்லாக் கணினிகளும் பிரதி எடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டை வடிவமைத்தார். அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் நடந்த வேலை அது. உடனடி லாபம் கேட்காத பொதுப்பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் கல்வி நிலையங்களிலும் இத்தகைய அடிப்படை வேலைக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

உங்கள் செல்போன் முகவரியைத் தானே தேடிப் போவதில்லை. இணைப்பு தரும் நிறுவனத்தின் ரிசால்வர் என்ற கணினியிடம் கேட்கிறது. ரிசால்வர் முதலில் ரூட் சர்வரிடம் போகும், அது டாட் காம் சர்வரைக் காட்டும், அது உங்கள் டொமைனின் நேம்சர்வரைக் காட்டும். விடை அங்கே ரெகார்டு என்ற குறிப்பாக எழுதியிருக்கும்.

அழகே இனிமேல்தான். ஒவ்வொரு விடையும் தன் ஆயுளைத் தானே சுமந்து வருகிறது. ஆவின் பால் பாக்கெட்டில் தேதி அச்சடித்திருப்பதைப் போல, முகவரியோடு டிடிஎல் என்ற எண்ணும் நொடிக் கணக்கில் வரும். உங்கள் ரெகார்டில் அது 14400, அதாவது 4 மணி நேரம், என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குத் தாம்பரத்தில் யாரோ தளத்தைத் திறக்கிறார்கள். அந்த ரிசால்வர் விடையைச் சேமித்துக்கொண்டு நொடிகளைக் குறைத்துக்கொண்டே வரும். மதியம் 1 மணிக்கு வேறொருவர் கேட்டால், அதே விடையை மீதி 3600 நொடி ஆயுளோடு கொடுக்கும். கை மாறியதால் ஆயுள் கூடுவதில்லை. நீங்கள் 12.30-க்கு முகவரியை மாற்றியிருந்தாலும், அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் 2 மணி வரை பழைய கடைதான். மயிலாப்பூரில் உங்கள் வீட்டு இணைப்பின் ரிசால்வரை அன்று யாரும் கேட்டிருக்கவில்லை. அதனிடம் பழைய ஞாபகம் இல்லை. உடனே புதியது வந்தது.

ஆகவே முந்தின நாளே டிடிஎல்லை 300, அதாவது 5 நிமிடம், ஆக்குங்கள். பலர் டிடிஎல்லைக் குறைத்த அதே நிமிடத்தில் முகவரியையும் மாற்றிவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். ஏற்கெனவே வெளியே போன விடைகளில் 14400 என்றுதான் எழுதியிருக்கிறது. அவை தீரும் வரை குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். அதன் பிறகு மாற்றினால் 5 நிமிடத்தில் ஊர் முழுக்கப் புதிய கடை. விஜயதசமி அன்று காலை 9 மணிக்குத் தளம் திறக்க வேண்டும் என்று நாள் பார்ப்பவர்கள் உண்டு. நல்ல நேரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த 9 மணி உண்மையிலேயே 9 மணியாக இருக்க வேண்டுமானால் பஞ்சாங்கத்தோடு டிடிஎல்லையும் பாருங்கள். எல்லாம் நிலைத்த பிறகு அதை 3600-க்கு உயர்த்திவிடுங்கள். ஆயுள் மிகக் குறைவாக இருந்தால், நேம்சர்வர் சற்று நேரம் படுத்தாலும் தளமும் சேர்ந்து படுத்துவிடும்.

48 மணி நேரம் எங்கிருந்து வந்தது? டாட் காம் சர்வர்கள் உங்கள் நேம்சர்வரின் பெயரைச் சொல்லும்போது அதற்குத் தரும் ஆயுள் 172800 நொடி, சரியாக 2 நாள். அந்த எண் உங்கள் கையில் இல்லை. அதனால் நேம்சர்வரை மாற்றாதீர்கள். ரெகார்டுகளை மட்டும் மாற்றுங்கள். நேம்சர்வரை மாற்றும்போது மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் ரெகார்டைப் புதிய இடத்தில் எழுத மறந்தால், கடைக்கு வரும் மெயிலும் நின்றுவிடும்.

ஷாப்பிஃபைக்கு வெறும் டொமைனின் ஏ ரெகார்டு, அதாவது ஐபி முகவரியைச் சொல்லும் ரெகார்டு, 23.227.38.65 என்று இருக்க வேண்டும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த பெயருக்கு, ஷாப்ஸ் டாட் மைஷாப்பிஃபை டாட் காம் (shops.myshopify.com) என்று சிநேம் (CNAME) என்ற ரெகார்டு போட வேண்டும். வெறும் டொமைனுக்குச் சிநேம் போட முடியாது. 'இந்தப் பெயரைப் பற்றிய எல்லாவற்றையும் அங்கே போய்க் கேள்' என்பதுதான் சிநேமின் பொருள்; அது இருக்கும் இடத்தில் எம்எக்ஸ் போன்ற வேறு ரெகார்டு இருக்கக் கூடாது. வெறும் டொமைனிலோ நேம்சர்வரைச் சொல்லும் ரெகார்டாவது இருந்தே தீரும்.

அந்த ஒரே எண்ணில் எண்ணற்ற கடைகள் இருக்கின்றன. பிரவுசர் கதவைத் தட்டும்போதே எந்தப் பெயரைத் தேடி வந்தது என்று சொல்லிவிடுவதால் சரியான கடை திறக்கிறது. ஷாப்பிஃபையின் டொமைன் பக்கத்தில் உங்கள் பெயரைச் சேர்க்காமல் விட்டால், எண் சரியாக இருந்தும் பிழைப் பக்கம்தான் வரும். பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழும் பெயர் அங்கே சரியாகச் சுட்டிய பிறகே கிடைக்கும்.

2 நாள் கழித்தும் செல்போனில் பழையது, கடைக் கணினியில் புதியது என்றால் டிடிஎல் மேல் பழி போடாதீர்கள். பழைய நிறுவனம் போட்டுவைத்த ஏஏஏஏ (AAAA) என்ற ரெகார்டு மிச்சமிருக்கலாம். ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரிக்கானது அது. செல்போன் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஐபிவி6 வழியே போவதால் பழைய கடையைப் பிடித்துக்கொள்கின்றன. அதை நீக்கிவிடுங்கள். பழைய ஏ ரெகார்டு ஒன்று புதியதோடு சேர்ந்து இருந்தாலும் இப்படித்தான். வருபவர்களில் சிலர் இங்கும் சிலர் அங்கும் போவார்கள்.

சரிபார்க்க விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் (nslookup), டொமைன் பெயர், 8.8.8.8 மூன்றையும் இடைவெளி விட்டு அடித்தால் கூகுள் ரிசால்வரின் விடை வரும். ரெகார்டு எழுதும் முன்பே ஆவலில் சோதிக்க வேண்டாம். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையையும் ரிசால்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்கும் ஆயுள் உண்டு.