சுருள் கல்லும் அது கிடந்த மண்ணும்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பெரியவரின் பூசையறையில், சாளக்கிராமத்துக்கு அருகே, சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில் ஒரு சுருள் கல் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. சாளக்கிராமங்கள் பலவற்றினுள் இருப்பதும் அம்மோனைட்டு என்ற கடலுயிரின் கூடுதான் என்பதால், இரண்டையும் அவர் சேர்த்து வைத்ததில் பிழையில்லை. “எங்கே எடுத்தது தாத்தா?” என்று கேட்டேன். “பையன் சூலுலாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போனப்ப கொண்டாந்தான். எந்த இடம்னு தெரியலம்மா” என்றார்.

கட்டுமானம் தொடங்குமுன் நிலத்தில் தொல்லுயிர் எச்சங்கள் உண்டா என்று ஆராய்ந்து சொல்வது என் தொழில். அந்தத் “தெரியல” என்ற ஒரு சொல்லில் எவ்வளவு போய்விடுகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் தொல்லுயிர் என்றாலே கரூ என்ற உள்நாட்டு வறண்ட நிலப்பகுதிப் பாறைகளின் ஊர்வனவும் டைனோசர்களும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடலில் படிந்த பாறையின் வயதைச் சொல்பவை பெரும்பாலும் சிப்பி, நத்தை, அம்மோனைட்டு முதலிய முதுகெலும்பற்ற உயிர்களே. அம்மோனைட்டு இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன. வாழ்ந்த காலத்திலோ பல கடல்களில் பரவியிருந்தன. ஆகவே ஓர் இனம் கிடைத்த அடுக்கு எந்தக் காலத்தது என்பதை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுக்கோடு ஒப்பிட்டே சொல்லிவிட முடிகிறது.

இதற்குத் தென்னாப்பிரிக்கா, தமிழ்நாடு என்ற நம் இரு மண்ணுக்கும் சொந்தமான சான்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலுள்ள போர்ட் எட்வர்டுக்குச் சற்றுத் தெற்கே, முசாம்பா ஆற்று முகத்துவாரத்தருகே, கடல் வற்றும் வேளையில் வெளிப்படும் பாறைத் தளத்தில் கார்டன் என்ற படைத் தலைவர் சேகரித்த கூடுகளை 1855இல் பெய்லி என்பவர் விவரித்தார். அவற்றுள் ஒன்றான ஹவரிசெராஸ் கார்டெனி என்ற அம்மோனைட்டு, தமிழ்நாட்டின் அரியலூர்ப் பாறைகளிலும் கிடைக்கிறது. 1860இல் நம் முன்னோர் சென்னையில் கப்பலேறி டர்பனில் இறங்குவதற்குச் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இரு கரைகளையும் ஒரே இனத்து உயிர்கள் எட்டியிருந்தன. அதே முசாம்பாவில் கல்லாகிப்போன மரத்துண்டுகளும் உண்டு. உற்றுப் பார்த்தால் மரந்துளைக்கும் சிப்பிகள் குடைந்த விரல்பருமன் குழாய்கள் தெரியும். அந்த மரம் கல்லாகுமுன் கடலில் கிடந்தது என்பதற்கு அத்துளைகளே சாட்சி.

கல் கிடந்த அடுக்கு தெரியாவிட்டால் இந்த ஒப்பீடு எதுவும் நடக்காது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தின்படி தொல்லுயிர் எச்சங்கள் அரசின் உடைமை. அனுமதியின்றி அவற்றைத் தோண்டவோ சேகரிக்கவோ கூடாது. உழும்போதோ அஸ்திவாரம் வெட்டும்போதோ ஒன்று தென்பட்டால், வேலையை அங்கே நிறுத்துங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரேண்ட் நாணயத்தை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, மாகாண மரபுவள அமைப்புக்கோ அருங்காட்சியகத்துக்கோ உடனே சொல்லுங்கள். நினைவுக்காகச் சிறு துண்டு கூடப் பெயர்க்காதீர்கள்.

தாத்தாவின் கல்லை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க அவரே முன்வந்தார். அதன் சுருள் இடுக்கில் சாம்பல் நிற வண்டல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைக் கழுவிச் சலித்து நுண்ணோக்கியில் பார்த்தால், மணல் பருமனேயுள்ள, ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகள் அகப்படக்கூடும். அகப்பட்டால் வயதையாவது மீட்கலாம். “அப்ப அதைத் தேச்சுக் கழுவாம இருந்தது நல்லதுதானே?” என்றார். மிகவும் நல்லது என்றேன்.