பென்டிரைவ் தெரிகிறது, பூட் ஆகமாட்டேன் என்கிறது

என் பழைய மடிக்கணினியில் செருகினால் ஒரே நிமிடத்தில் விண்டோஸ் நிறுவல் திரை வந்துவிடும். அதே பென்டிரைவை சர்வரில் செருகினேன். விசிறிகள் மாவு மில் போல இரைந்து அடங்கின. ஒவ்வொரு ரேமுக்கும் எந்த வேகம் ஒத்துவரும் என்று பார்க்க மதர்போர்டு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி: ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’. எதை மாற்றிப் பார்த்தாலும் மறுபடி நான்கு நிமிடம். ஒரு பழைய கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 போட வேண்டியிருந்தது. இரண்டு மாலைகள் இப்படியே போயின.

பென்டிரைவ் பழுதா? இல்லை. பயாஸ் (கணினியை எழுப்பிவிடும், மதர்போர்டிலேயே உள்ள நிரல்) திரையில் அதன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் மின்சாரம் போகிறது, சாக்கெட் வேலை செய்கிறது, மதர்போர்டு அதை அடையாளமும் கண்டுவிட்டது. வழி மறித்தது அதற்கு அடுத்த படி. பெயர் தெரிவது வேறு, அதிலிருந்து பூட் ஆவது வேறு என்பது புரியத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது.

மதர்போர்டுக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். எந்த இடம் என்பதில்தான் பழைய வழக்கம், புதிய வழக்கம் என்று இரண்டு உண்டு.

பழைய வழக்கம் 1981இல் வந்த ஐபிஎம் பிசியோடு தொடங்கியது. பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து நினைவகத்தில் வைக்கும். அதில் 446 பைட் வரை நிரல், 64 பைட் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவுகள்) பட்டியல், கடைசி இரண்டு பைட்டில் பதினாறடிமான எண்ணில் 55, ஏஏ என்ற முத்திரை. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் 01010101, 10101010. ஒன்றும் பூஜ்ஜியமும் மாறி மாறி வரும் அழகான கோலம். முத்திரை இருந்தால் பெரும்பாலான பயாஸ்கள் வேறு எதையும் கேட்காமல் அந்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த வட்டைப் பார்க்கப் போய்விடும்.

யூஇஎஃப்ஐ என்ற புதிய வழக்கத்துக்கு அந்த 446 பைட் நிரல் தேவையே இல்லை. அது ஃபேட் என்ற கோப்பு முறையில் அமைந்த பார்ட்டிஷனைத் தானே திறந்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்று ஒரு கோப்பைத் தேடும். செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் அந்தக் கோப்பில் நம்பகமான கையொப்பம் இருக்கிறதா என்றும் பார்க்கும். நான் தயாரித்த பென்டிரைவில் முத்திரை இருந்தது, கோப்பு இல்லை. மடிக்கணினி பழைய வழக்கத்துக்காரர். சர்வரோ யூஇஎஃப்ஐ மட்டும் போதும் என்று செட் செய்யப்பட்டிருந்தது. இருவரும் தத்தம் வழக்கப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய தடயம் இருக்கிறது. இரண்டு வழக்கத்தையும் அனுமதிக்கும் போர்டில் பூட் மெனுவைத் திறந்தால் (பல சர்வர்களில் எஃப்11), சரியாகத் தயாரித்த ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று முன்னால் ‘யூஇஎஃப்ஐ:’ என்ற ஒட்டுடன். பலர் இதைத் திரைக் கோளாறு என்று நினைத்து முதல் வரியைத் தட்டிவிடுகிறார்கள். அவை இரண்டும் இரண்டு வேறு வாசல்கள். பழைய வாசலைத் திறந்து வைப்பது சிஎஸ்எம் என்ற பகுதி. 2020க்குள் அதைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017இலேயே சொல்லிவிட்டது. ஆகவே புதிய போர்டில் அந்த வாசலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பென்டிரைவைத் தயாரிக்கும் இடத்திலும் குழி உண்டு. பென்டிரைவை ஐஎஸ்ஓ என்ற கோப்பிலிருந்துதான் தயாரிக்கிறோம்; அது அடிப்படையில் சிடியின் நகல். சிடியிலிருந்து பூட் ஆகும் முறைக்கு எல் டொரிட்டோ என்று பெயர்; 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் வகுத்தது. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் உள்ள ஓர் உணவகத்தில் யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். வட்டுக்கான முத்திரை அந்த முறையில் இல்லை. இன்றைய லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் பெரும்பாலானவை சிடி வேடமும் வட்டு வேடமும் சேர்த்தே போட்டுக்கொண்டு வருவதால், பைட் பைட்டாக நகலெடுக்கும் டிடி கட்டளையால் அப்படியே எழுதினாலும் வேலை செய்யும். விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்லை. அதற்கு ரூஃபஸ் மாதிரி ஒரு கருவி வேண்டும். அங்கேயும் ‘பயாஸா, யூஇஎஃப்ஐயா’ என்று கேட்கும் கட்டத்தைக் கவனிக்காமல் ஸ்டார்ட் அழுத்தினால் கதை மறுபடி முதலிலிருந்து. கோப்புகளைக் கையால் நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு தடை: ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, புதிய விண்டோஸ் சர்வர்களின் நிறுவல் கோப்பு தாண்டிவிடுகிறது.

சரி, சர்வரில் பழைய வழக்கத்தை ஆன் செய்தேன். நிறுவல் திரை வந்தது. மொழியைத் தேர்ந்தெடுத்து அடுத்த பொத்தானை அழுத்தியதும், சிடி டிரைவுக்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) காணவில்லை என்று ஒரு செய்தி! எந்தப் பென்டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ அதையே காணோம் என்கிறது.

உண்மையில் அந்தப் பென்டிரைவை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஆரம்பத்தில் படிப்பது பயாஸ், தன் சொந்த யூஎஸ்பி டிரைவரைக் கொண்டு. அது விண்டோஸின் மையப் பகுதியான கர்னலை நினைவகத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம் கர்னல் தன் டிரைவரால் அதே பென்டிரைவை முதலிலிருந்து கண்டுபிடித்தாக வேண்டும். 2008 ஆர்2 பிறந்த காலத்தில் யூஎஸ்பி 3.0 பரவியிருக்கவில்லை, அதற்கான டிரைவர் அந்த டிஸ்க்கில் கிடையாது. நான் செருகியிருந்ததோ முன்பக்கத்து நீல சாக்கெட்டில். பின்பக்கம் கறுப்பு நிறத்தில் யூஎஸ்பி 2.0 சாக்கெட் இரண்டு சும்மா கிடந்தன. பென்டிரைவை உருவி அங்கே மாற்றி, மறுபடி நான்கு நிமிடம் காத்திருந்தேன். நிறுவல் நின்ற இடத்தைத் தாண்டிப் போனது.

பல சர்வர் போர்டுகளில் இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி போர்டிலேயே ஒட்டியிருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐலோ என்று அதற்குப் பெயர்கள். உங்கள் மேசைக் கணினியில் உள்ள ஐஎஸ்ஓவை நெட்வொர்க் வழியாக வாங்கி, சர்வரிடம் தன்னை ஒரு யூஎஸ்பி சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். ஐஎஸ்ஓ தன் இயல்பான சிடி வடிவிலேயே போய்ச் சேர்வதால், பென்டிரைவைத் தயாரிப்பதில் வரும் தவறுகளுக்கு அங்கே இடமில்லை. வேகம் மட்டும் நத்தைதான். தொடக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம், திரும்பி வந்து இன்னொரு டீயும் குடிக்கலாம்.